மீள நோக்குதலும் சரிபார்த்தலும்: போலியாவின் நான்காம் படிநிலை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

உயர்நிலை வகுப்புகளில் கணிதச் சிக்கல் தீர்க்கும் திறனைக் கற்பித்தல் பற்றிய கல்வியியல் எழுத்துகள் பலவும் ஜார்ஜ் போலியாவிலிருந்தே தொடங்குகின்றன. 1945இல் வெளிவந்த அவரது ‘ஹவ் டு சால்வ் இட்’ என்னும் நூல், சிக்கலைப் புரிந்துகொள்ளுதல், திட்டம் வகுத்தல், திட்டத்தை நிறைவேற்றுதல், மீள நோக்குதல் என நான்கு படிநிலைகளை வகுத்துரைத்தது. இவற்றுள் நான்காவது, தமிழ்வழி வகுப்பறையை அடையும்போது பல வேளைகளில் ‘சரிபார்த்தல்’ என்றாகிவிடுகிறது. சிறிதெனத் தோன்றும் இச்சொல்மாற்றம் அப்படிநிலையின் உள்ளடக்கத்தையே சுருக்கிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வினாக்கள் விதிகளாதல்

போலியா தம் படிநிலைகளைப் பெரிதும் வினாக்களாகவே அமைத்தார். தெரியாதது எது, தரப்பட்டது எது, இதையொத்த கணக்கை முன்னர்க் கண்டதுண்டா என மாணவர் தம்மைத் தாமே வினவிப் பழகவேண்டும் என்பது அவர் நோக்கம். கிடைத்த முடிவை வேறு வழியில் பெற இயலுமா, அம்முடிவோ முறையோ பிறிதொரு கணக்கிற்குப் பயன்படுமா என்பன நான்காம் படிநிலைக்கு உரியவை. விடை சரியா எனப் பார்த்தல் அவற்றுள் ஒன்று மட்டுமே. வினாக்களை நீக்கிப் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்விக்கும்போது, படிநிலைகள் விடைத்தாளில் எழுதவேண்டிய தலைப்புகளாகத் தேய்ந்துபோகின்றன.

ஒரு கணக்கு

பத்தாம் வகுப்பு மாணவர்க்குப் பழகிய கணக்கொன்றைக் காணலாம். தொடர்வண்டி ஒன்று 360 கி.மீ. தொலைவைச் சீரான வேகத்தில் கடக்கிறது. அதன் வேகம் மணிக்கு 5 கி.மீ. கூடியிருப்பின் பயண நேரம் 1 மணி குறைந்திருக்கும். எனில் வேகம் யாது? வேகத்தை x எனக் கொண்டால் x² + 5x − 1800 = 0 என்னும் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதன் மூலங்கள் 40, −45. வேகம் குறை எண்ணாக இராது என்று ஒரு வரி எழுதி −45ஐ நீக்கிவிட்டு, 360ஐ 40ஆல் வகுத்தால் 9, 45ஆல் வகுத்தால் 8 எனச் சரிபார்த்து மாணவர் அடுத்த கணக்கிற்குச் செல்கிறார்.

மீள நோக்கும் மாணவரோ அங்கே நின்று ஒரு வினா எழுப்புவார். நீக்கப்பட்ட மூலத்தின் எண்ணளவு 45. கூட்டப்பட்ட வேகமும் 45. இது தற்செயலா? மூலச் சமன்பாட்டில் x இருக்குமிடத்தில் −(x + 5) எனப் பதிலிட்டால் அதே சமன்பாடு மீண்டும் வருகிறது. ஆகவே 40 ஒரு மூலமாயின் −45 மற்றொரு மூலமாகியே தீரும். பயனற்றதென ஒதுக்கப்பட்ட எண் கணக்கின் சமச்சீரை வெளிப்படுத்துகிறது. சரிபார்த்தல் இவ்வுண்மையைத் தீண்டுவதேயில்லை.

சரிபார்த்தும் பிழையாதல்

சரிபார்த்தல் போதாது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீட்டில், 36 பேர் அமரத்தக்க பேருந்துகளில் 1128 வீரர்களை ஏற்றிச்செல்ல எத்தனை பேருந்துகள் தேவை என 13 வயது மாணவரிடம் வினவப்பட்டது. ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகச் செய்தனர். எனினும் 32 என விடையளித்தோர் நால்வரில் ஒருவருக்கும் குறைவே. ‘31, மீதி 12’ என எழுதியோர் அவர்களினும் மிகுதி. 31ஐ 36ஆல் பெருக்கி 12ஐக் கூட்டினால் 1128 வருகிறது, கணிப்பு பிழையற்றது. எஞ்சிய 12 பேர் எவ்வாறு செல்வர் என்ற வினாதான் எழவில்லை.

ஆலன் ஷோன்ஃபெல்ட் 1985இல் வெளியிட்ட நூலில் கணித அறிவு, உத்திகள் ஆகியவற்றிலிருந்து ‘கட்டுப்பாடு’ என்னும் கூறினைப் பிரித்துக் காட்டியதன் தேவை இங்கு விளங்கும். என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம், இது எவ்வாறு உதவும் எனத் தம்மைத் தாமே கண்காணிக்கும் ஆற்றலே அது. இக்கண்காணிப்பு இறுதியில் மட்டுமன்றி ஒவ்வொரு கட்டத்திலும் நிகழவேண்டும். போலியாவின் படிநிலைகளை ஒருவழிப் பாதையாகக் கற்பிப்போர் தவறவிடுவது இதனையே.

முடிவுரை

பாடப்பகுதியை உரிய காலத்தில் முடிக்கவேண்டிய ஆசிரியர்க்கு இதற்கெல்லாம் நேரமேது என்னும் மறுப்பு நியாயமானதே. எனினும் ஒரே வகைக் கணக்குகள் பத்தினைச் செய்விப்பதற்கு மாற்றாக எட்டினைச் செய்வித்து, எஞ்சும் நேரத்தில் அவற்றுள் ஒன்றனை மீள நோக்கச் செய்தல் இயலாததன்று. தேர்விலும் சமன்பாடு, காரணிப்படுத்தல், விடை என்னும் படிகளுக்கு மட்டுமன்றி, நீக்கப்பட்ட மூலத்தை விளக்குவதற்கும் மதிப்பெண் ஒதுக்கலாம். அதற்கு முதற்படியாக, ஆசிரியர் கல்விப் பாடநூல்கள் நான்காம் படிநிலையை ‘மீள நோக்குதல்’ என்றே வழங்கி, அதற்குரிய வினாக்களையும் உடன் தருதல் வேண்டும். ‘சரிபார்த்தல்’ என்னும் சொல் விடையோடு சிந்தனையையும் முடித்துவைக்கிறது. திறன் வளர்வதோ அவ்விடைக்குப் பின் எழும் வினாவில்தான்.