அழாத நளன்

நளசரிதம் கதகளியின் இரண்டாம் திவசம் (இரண்டாம் நாள் ஆட்டம்) பார்த்துவிட்டுக் கிழக்கேகோட்டையிலிருந்து வலியசாலைக்கு நடந்து திரும்பும் நம் ஆட்கள் அந்த இளம் நளனைப் பற்றி ஒரே குறைதான் சொல்கிறார்கள். சுட்டி அழகு, முத்திரை சுத்தம், ஆனால் கட்டியவளான தமயந்தியைக் காட்டில் விட்டுப் போகும்போது அழவே இல்லையாம். பெயர் வேண்டாம், களி பார்ப்பவர்களுக்கு ஆள் தெரியும். அந்த அழாமைதான் அவருடைய ஆட்டத்தின் உச்சம் என்பது என் கட்சி.

வழக்கமான நளன் துணியை அறுப்பார், நாலடி போவார், ஓடி வருவார், மறுபடி போவார். கண் கலங்கும், செண்டை தாழும், சபை உச்சுக்கொட்டும். வியாசரின் நளனும் ஊஞ்சலாகப் போய்வந்தவன்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஆள் பிடித்திருப்பது அதற்குச் சற்று முந்தைய இடத்தை. தமயந்தி விழித்துவிடாமல் எப்படி அறுப்பது என்று நளன் யோசிக்கிறானே, வனபர்வத்தில், அந்த இடம். கலி பிடித்து ஆட்டுகிறவனுக்கு இந்த நிதானம் எங்கிருந்து வரும்?

துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்குகிறார். அவள் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகுதான் வாள். தோடிப் பதத்தில், கொஞ்ச நேரம் முன்னால், அவள் மோவாயைத் தொட்டு நிமிர்த்திய அதே விரல்கள். முகத்தில் துக்கம் இல்லை, கணக்கு இருக்கிறது. ஒரே தடவை திரும்புகிறார், அதுவும் எழுந்துவிட்டாளா என்று பார்க்க. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நம் அக்ரகாரத்துக்கு இது உறுத்தத்தான் செய்யும். ஏழரைச் சனிக்குப் பரிகாரமாக நளன் கதை படித்து, திருநள்ளாறு போய் முழுகி வந்த குடும்பங்கள் நம்முடையவை. பழியெல்லாம் கிரகத்தின் தலையில். ஆனால் புகழேந்தியின் நளவெண்பாவிலேயே நளனைத் தொடர்வது கலிதான், சனி இல்லை. அந்தக் கலியும் பாரதத்தில் நளனுக்குள் நுழைய ஓட்டை தேடி 12ஆம் வருஷம்வரை காத்துக் கிடந்தது. தம்பி புஷ்கரனை வளைக்க ஒரு பேச்சு போதுமாயிருந்தது! பங்காளிப் பொறாமை அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது. புஷ்கரன் வரும்போது டீக்கு எழுந்து போகிறவர்கள் அந்த வீடு உடையும் காட்சியைத்தான் தவறவிடுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் உண்ணாயி வாரியர் இந்தக் கதையை நான்கு திவசமாக எழுதினார். சூது, காடு, பிரிவு எல்லாம் இரண்டாவதிலேயே வந்துவிடுகின்றன. அண்ணன் தம்பி விவகாரத்துக்கு விலை கொடுப்பது தமயந்தி.

வரும் திருவிழா சீசனில் இந்த அழாத நளனை இரண்டு மூன்று பேராவது பின்பற்றுவார்கள். பாதிப்பேர் மரக்கட்டை முகமாகக் கெடுப்பார்கள், அதற்கும் இவர்தான் திட்டு வாங்குவார். தமயந்தி கண்விழிக்கும் இடம் நீளும்; நளன் அழுது தீர்க்காத துக்கம் முழுவதும் அவளுக்கு வந்து சேரும். புஷ்கரனுக்கு முதல்தர வேஷக்காரர்களைப் போடும் காலமும் வரும். இவர் மூன்றாம் திவசத்துப் பாகுகன், அதாவது உருமாறிய நளன், வேஷம் கட்டினால், இந்தத் தலைமுறையில் அதைவிடக் கனமான பாகுகன் இருக்கப்போவதில்லை. பழிபோடக் கலி இல்லாத நளனை ஆடியவர் அல்லவா இவர்?

அடுத்த இரண்டாம் திவசத்துக்கு முன்வரிசையில் இடம் பிடியுங்கள். நளனின் கண்ணை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள்.