பினாங்கில் வேதியியல் படிக்க எந்த நூல்கள்?

தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்த பினாங்குப் பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் அதை மலாயில் தொடர்கிறது. பல்கலைக்கழகம் போனால் ஆங்கில நூல்கள் காத்திருக்கின்றன. படிவம் நான்கில் வேதியியல் தனிப்பாடமாகும்போது பெரும்பாலும் கையில் இருப்பது மலாய்ப் பாடநூல் ஒன்றுதான். தேர்வுக்கு அது போதும். ஐயம் எழுந்தால் போதாது.

பாடநூலைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதில் எனக்கு மிகவும் பிடித்தது படிவம் ஐந்தில் பலபடிகளைப் பற்றிய இயல். ரப்பர்ப் பாலில் உள்ள ஒவ்வொரு ரப்பர்த் துகளைச் சுற்றியும் ஒரு புரதச் சவ்வு உண்டு. சவ்வின்மேல் எதிர்மின்சுமை இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. ஃபார்மிக் அமிலத்தை ஊற்றினால் ஹைட்ரஜன் அயனிகள் அந்தச் சுமையை நீக்கிவிடுகின்றன. துகள்கள் மோதிச் சவ்வு கிழிய, உள்ளிருக்கும் பலபடிகள் திரண்டுவிடுகின்றன. அமிலமே ஊற்றாமல் மங்கில் விட்ட பாலும் மறுநாள் கட்டியாகும். அங்கே பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அமோனியா சேர்த்தால் அந்த அமிலம் நடுநிலையாகி, பால் உறையாமல் நிற்கும். செபராங் பிறைத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து செய்த வேலையின் வேதியியல் இது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டே படிக்க வேண்டிய இயல்.

தமிழுக்குப் பொது வேதியியல் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் முயற்சியில் 1875இல் ‘கெமிஸ்தம்’ வெளிவந்தது. ராஜாஜி பொதுவாசகருக்காகத் ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். இன்று மாணவருக்கு உடனடியாகப் பயன்படுவது தமிழ்நாட்டின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூல்கள். தமிழிலேயே இருக்கின்றன, இணையத்தில் இலவசம். மலாய் நூலில் நேட்ரியம் என்று இருப்பது அங்கே சோடியம் ஆகும்; இரண்டிலும் குறியீடு Na என்பதால் சமன்பாட்டைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது. மோல் கணக்கில் தடுமாறுகிற பிள்ளைக்கு அதைத் தாய்மொழியில் ஒருமுறை படித்துப் பார்க்கும் வாய்ப்பைப் பெற்றோர் தரவேண்டும்.

ஆங்கிலத்தில் ரேமண்ட் சாங்கின் நூல் தெளிவானது. ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிட்டது இலவசம். 1913 முதல் வரும் சி.ஆர்.சி. கையேடு வேறு வகை. அதை வாசிக்க மாட்டோம். கொதிநிலை, கரைதிறன் என்று வேண்டியதைத் தேடி எடுப்போம். அப்படித் தேடும் பழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்கலாம். நல்ல பாடநூல் எழுதுவதே ஆராய்ச்சியாகிவிடுவதும் உண்டு: மெண்டெலீவ் தம் மாணவர்களுக்கு வேதியியல் நூல் எழுதிக்கொண்டிருந்தபோதுதான், தனிமங்களை எப்படி வரிசைப்படுத்துவது என்ற கேள்வி 1869இல் அவரை ஆவர்த்தன அட்டவணைக்குக் கொண்டுசேர்த்தது.

புது நூலுக்குப் பணமில்லாதவர்கள் பினாங்கு சாலையில் சௌராஸ்தா சந்தையின் மாடிக்குப் போகலாம். பழைய புத்தகக் கடைகள் அங்கே இருக்கின்றன. பொது வேதியியலுக்குப் பழைய பதிப்பு பெரிய குறையன்று. 2016இல் பெயர் பெற்ற நிஹோனியம் முதலிய நான்கு தனிமங்கள் அதன் அட்டவணையில் இருக்காது, கையால் எழுதிக்கொள்ளலாம். மோலின் வரையறையும் 2019இல் மாறிவிட்டது. பழைய நூல்கள் 12 கிராம் கார்பன்-12ஐ வைத்து விளக்கும். இப்போது அவகாட்ரோ எண்ணையே நிலையாகக் கொள்கிறார்கள். பள்ளிக் கணக்குகளுக்கு விடை மாறாது.