சின்னப் பெட்டியின் சான்று எதுவரை செல்லும்?

கொச்சியின் எறணாகுளம் பிராட்வேயில் சுமை ஏற்றிய வண்டி ஒன்று நின்றுவிட்டால் பின்னால் வருபவர் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். துணி, தையல் சாமான், பிளாஸ்டிக், மசாலா என்று எளிதில் எரியும் சரக்குகளால் வாழும் தெரு அது. 2019 மே மாதம் அங்கே ஒரு கடையில் பிடித்த தீ பக்கத்துக் கடைகளையும் விடவில்லை. காயலுக்கு அக்கரையில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பழைய கிடங்குகளிலும் இதே நெருக்கம்தான். இத்தகைய இடத்தில் மெயின் பேனலில் இருக்கும் சர்க்யூட் பிரேக்கர், மின்கோளாறு நேர்ந்தால் உரிய நேரத்தில் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்குமா என்ற கேள்வி தெரு முழுவதற்கும் உரியது. அந்தக் கேள்விக்கு விடையாக இப்போது பெரும்பாலும் நீட்டப்படுவது, கையடக்க டெஸ்ட் கிட் ஒன்று தரும் 'பாஸ்' என்ற தாள். அந்தத் தாளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பழைய பிரேக்கரில் சூடேறி வளையும் ஈருலோகத் தகடும் காந்தச் சுருளும் இருந்தன. 800, 1600 ஆம்பியர் அளவிலான ஏர் சர்க்யூட் பிரேக்கர்களிலும் (ஏ.சி.பி.) பெரிய மோல்டட் கேஸ் சர்க்யூட் பிரேக்கர்களிலும் (எம்.சி.சி.பி.) இன்று அந்த வேலையைச் செய்வது எலக்ட்ரானிக் டிரிப் யூனிட். ஒவ்வொரு ஃபேஸிலும் உள்ள கரண்ட் டிரான்ஸ்பார்மர், அதாவது சி.டி., தரும் சிறு சிக்னலை அது அளக்கிறது. ஓவர்லோடா, ஷார்ட் சர்க்யூட்டா, எர்த் ஃபால்ட்டா என்று பிரித்தறிந்து, அதற்கேற்ற தாமதத்துக்குப் பிறகு டிரிப் காயிலுக்கு உத்தரவிடுகிறது. காயில் லாட்சை விடுவிக்க, ஸ்பிரிங் விசையில் கான்டாக்ட் பிரிகிறது. கிட் இந்தச் சங்கிலியின் நடுவில் நுழைகிறது. சி.டி. அனுப்பியிருக்க வேண்டிய சிக்னலைத் தானே அனுப்பி, யூனிட் முடிவெடுக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறது. செகண்டரி இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான்.

இதன் பலத்தை உணர, மாற்று வழியைப் பார்க்க வேண்டும். பிரைமரி இன்ஜெக்‌ஷனில் நிஜமான மின்னோட்டமே பிரேக்கரின் செம்புக் கட்டைகள் வழியே செலுத்தப்படும். 800 ஆம்பியர் பிரேக்கரை மூன்று மடங்கில் சோதிக்க 2,400 ஆம்பியர் வேண்டும். எட்டு மடங்கில் 6,400. வோல்டேஜ் சில வோல்ட்தான் என்றாலும், அவ்வளவு மின்னோட்டம் தரும் இயந்திரம் கனமானது. அதற்குத் தடித்த கேபிளும் வலுவான சப்ளையும் தேவை. மாடிப்படிக்கு அடியில் பேனல் வைத்திருக்கும் கட்டடத்துக்குள், கடை அடைத்த பிறகு கிடைக்கும் சில மணி நேர ஷட்டவுனில், அதைக் கொண்டுபோய் இறக்குவது எளிதல்ல. கிட் ஒரு தோள்பையில் அடங்கிவிடும்.

துல்லியமும் அதன் பலம். எர்த் ஃபால்ட்டை மட்டும் தனியே எழுப்பலாம்; ஒவ்வொரு தாமதத்தையும் மில்லி விநாடியில் அளக்கலாம். ஐ.எஸ்./ஐ.இ.சி. 60947-2 தரநிலைப்படி, பெரிய பிரேக்கர் ஒன்று அமைத்த அளவின் 1.05 மடங்கில் இரண்டு மணி நேரம் டிரிப் ஆகக் கூடாது, 1.30 மடங்கில் அந்த நேரத்துக்குள் ஆகியே தீர வேண்டும். ஷார்ட் சர்க்யூட்டுக்கு அமைத்த அளவில் 20 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். இந்த எல்லைகளோடு யூனிட்டின் நடத்தையை ஒப்பிட கிட் நல்ல கருவி. அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று யாரோ செட்டிங்கை ஏற்றிவிட்டுப் போயிருந்தால், சோதனைக்காக அதைக் குறித்துக்கொள்ளும்போதே குட்டு வெளிப்பட்டுவிடும். பல கட்டடங்களில் கிட்டால் கிடைக்கும் முதல் லாபம் இதுதான்.

பலவீனமும் இதே எளிமைக்குள் இருக்கிறது. சிக்னலை கிட்டே தருவதால் சி.டி. சோதனைக்கு வருவதே இல்லை. சி.டி. பழுதாகியிருக்கலாம், வயர் மாறியிருக்கலாம், கனெக்டரில் களிம்பு பிடித்திருக்கலாம். தாள் 'பாஸ்' என்றே சொல்லும். பல யூனிட்கள் சி.டி. வழியே வரும் மின்சாரத்திலேயே உயிர் பெறுபவை. கிட் தானே பவர் கொடுத்துவிட்டால், நிஜமான ஃபால்ட்டின்போது யூனிட் சொந்தமாக விழித்துக்கொள்ளுமா என்பதும் தெரியாமல் போகிறது. பிரேக்கரைத் திறக்கவிடாமல் டிரிப்பைத் தடுத்துவைத்து, யூனிட்டின் முடிவை மட்டும் பார்க்கும் வசதியும் சில கிட்களில் உண்டு. அப்படிப் பார்த்தால் காயில், லாட்ச், ஸ்பிரிங், கான்டாக்ட் எல்லாமே விடுபடுகின்றன. காவலாளியின் கண்ணைப் பரிசோதித்துவிட்டு, அவரால் ஓட முடியும் என்று எழுதிக் கொடுப்பதற்கு இது சமம்.

கொச்சியில் இந்த விடுபடல் கூடுதல் ஆபத்து. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையின் ஈரமும் காயலின் உப்புக் காற்றும் சேரும் ஊரில் இரும்பு துருப்பிடிக்கிறது. ஆண்டுக்கணக்கில் அசையாத மெக்கானிசத்தில் கிரீஸ் இறுகுகிறது. 50 மில்லி விநாடி அளவில் திறக்க வேண்டிய பிரேக்கர் அரை விநாடி எடுத்துக்கொண்டால், ஆர்க் தீப்பிழம்பு வெளியிடும் ஆற்றல் ஏறக்குறைய பத்து மடங்காகும். 433 வோல்ட்டில் 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் முழுச்சுமை 667 ஆம்பியர். இம்பீடன்ஸ் 5 சதவீதமானால், அதன் முனையிலேயே நேரும் ஷார்ட் சர்க்யூட்டில் பாய்வது 13,000 ஆம்பியருக்கும் மேல். அந்தக் கணக்கில் அரை விநாடி என்பது நீண்ட நேரம்.

இங்கேதான் நடைமுறையின் பெரிய குறை. வழக்கமாக பிரேக்கரை வெளியே இழுத்து, துடைத்து, கிரீஸ் போட்டு, நாலைந்து முறை ஆன், ஆஃப் செய்துவிட்டுத்தான் கிட்டைச் செருகுகிறார்கள். இறுகிய மெக்கானிசம் அதற்குள் இளகிவிடுகிறது. அத்தனை நாளும் அந்த பிரேக்கர் எப்படி நடந்திருக்கும் என்பதற்கான ஒரே சாட்சி அதன் முதல் டிரிப். பராமரிப்பே அதை அழித்துவிடுகிறது. கையே படாத நிலையில், டிரிப்பைத் தடுக்காமல், கான்டாக்ட் பிரியும் வரை நேரம் அளந்தால் மெக்கானிசத்துக்கும் சேர்த்து விடை கிடைக்கும். கிட்டின் குறையில் பாதியைச் செலவில்லாமல் ஈடுகட்டும் வழி, இப்படி வரிசையை மாற்றுவதுதான். முதலில் திறந்த நேரத்தையும் சுத்தம் செய்த பிறகான நேரத்தையும் தனித்தனியே எழுத வேண்டும்.

சி.டி.யைப் பற்றிய சந்தேகத்துக்கும் ஓரளவு பதில் உண்டு. டிஸ்ப்ளே உள்ள யூனிட்டானால், வியாபாரம் சூடுபிடிக்கும் மாலையில் மூன்று ஃபேஸ் அளவையும் பேனலின் தனி மீட்டரோடு ஒப்பிடலாம். கதவைத் திறக்கவே வேண்டாம். அது முழுச் சோதனை ஆகாது. ஆனால் செத்துப்போன சி.டி. அதில் மாட்டிக்கொள்ளும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு தவறான நிம்மதி பரவியிருக்கிறது. கிட் அனுப்பும் சிக்னல் சிறியது என்பதால் வேலையும் ஆபத்தில்லாதது என்று எண்ணுகிறார்கள். ஆபத்து பேனலில் இருக்கிறது. வெளியே இழுக்கக்கூடிய ஏ.சி.பி.யை முழுவதும் தனிமைப்படுத்தலாம். போல்ட் போட்டுப் பொருத்திய எம்.சி.சி.பி.க்கு சப்ளையையே நிறுத்த வேண்டும். மின்வாரியத்தின் லைனை அணைத்தால் மட்டும் போதாது. ஜெனரேட்டரும் கூரை சோலாரும் மறுபக்கத்திலிருந்து உயிரூட்டலாம். அவற்றுக்கும் பூட்டும் எச்சரிக்கை அட்டையும் வேண்டும். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் உயிருள்ள இடத்தில் பார்த்து, பிறகு பஸ்பாரில் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்து, மீண்டும் டெஸ்டரைச் சரிபார்த்து, எர்த் செய்த பிறகே கை வைக்க வேண்டும். கையாளும் முன் எர்த் செய்தோ வேறு தகுந்த வழியிலோ மின்னூட்டத்தை வெளியேற்றும்படி மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் கேட்கின்றன. சார்ஜ் ஆன ஸ்பிரிங் மின்சாரம் இல்லாமலே விரலை நசுக்கும். சுமையில் ஓடும் பிரேக்கரில் டிரிப்பைத் தடுத்துவைத்துச் சோதிப்பது இன்னும் மோசம். அந்த நிமிடங்களில் நிஜமான ஃபால்ட் வந்தால் கட்டடத்துக்குக் காவலே இருக்காது.

சோதனை முடிந்ததும் செட்டிங்குகள் பழைய நிலைக்குத் திரும்பினவா என்று இன்னொருவர் பார்ப்பது நல்லது. அடுத்தடுத்துச் சோதித்தால் யூனிட் முந்தைய சூட்டை நினைவில் வைத்துச் சீக்கிரம் டிரிப் ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் நல்ல யூனிட்டைக் கழற்றி எறிவார். ஒரு தயாரிப்பாளரின் கிட் பெரும்பாலும் அவருடைய யூனிட்டுக்கே பொருந்துவது இன்னொரு தொல்லை. பல தயாரிப்பாளர்களின் பிரேக்கர்கள் கலந்த கட்டடத்தில் கிட் பொருந்தாத பிரேக்கர் சோதிக்கப்படாமலே விடுபடும்.

இத்தனைக்கும் பிறகு, பிராட்வே போன்ற தெருவில் கிட்டைக் கைவிடச் சொல்வது அறிவீனம். அது இல்லாவிட்டால் பல பேனல்களில் எந்தச் சோதனையும் நடக்காது. திருத்த வேண்டியது தாளைத்தான். 'பாஸ்' என்பதற்குக் கீழே, சி.டி. சோதிக்கப்படவில்லை, பிரேக்கர் நிஜமாகத் திறந்தது அல்லது திறக்கவில்லை, முதல் டிரிப்புக்கு இவ்வளவு நேரம் என்ற மூன்று வரிகள் கட்டாயம் வேண்டும். பேனல் புதிதாக நிறுவப்படும்போதும் யூனிட்டோ சி.டி.யோ மாற்றப்படும்போதும் பிரைமரி இன்ஜெக்‌ஷன் ஒருமுறை நடக்கட்டும். இடைப்பட்ட ஆண்டுகளைக் கிட் பார்த்துக்கொள்ளட்டும். அந்த மூன்று வரி இல்லாத சான்றிதழை வாங்க மறுக்கும் உரிமை, பணம் கொடுக்கும் கட்டட உரிமையாளருக்கு இருக்கிறது. அதை அவர் பயன்படுத்தத் தொடங்கினாலே சோதிக்கும் முறையும் மாறும்.