கடைச் சாளரத்தில் ஓர் அட்டை

செக் நாடகாசிரியர் வாக்லாவ் ஹாவெல் 1978-ஆம் ஆண்டு எழுதிய 'அதிகாரமற்றோரின் ஆற்றல்' என்னும் நெடுங்கட்டுரை, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் தட்டச்சுப் படிகளாக மறைவாகக் கைமாறியது. அதில் நம் நெஞ்சில் நிற்பவர் புரட்சியாளர் அல்லர்; காய்கறிக் கடையொன்றின் மேலாளர். வெங்காயத்தோடும் கேரட்டோடும் தலைமையகத்திலிருந்து வந்த அட்டை ஒன்றை அவர் கடைச் சாளரத்தில் வைக்கிறார். உலகத் தொழிலாளரை ஒன்றுபட அழைக்கும் முழக்கம் அதிலுள்ளது.

அம்முழக்கத்தில் அவருக்குப் பற்று உண்டா என்று எவரும் வினவுவதில்லை. எல்லாரும் வைக்கிறார்கள், வைக்காவிடில் தொல்லை வரும். அவருடைய அச்சத்தையே அட்டையில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தால் நாணிக் கூசியிருப்பார். உயர்ந்த கொள்கையின் சொற்கள் அந்த நாணத்தை மறைக்கும் போர்வையாகின்றன என்கிறார் ஹாவெல். கட்டுரையின் உயிர்நாடி இதுவே. அட்டையை ஏறிட்டும் பாராமல் கடந்து செல்லும் பெண்கூட, சற்று முன்னர் தன் அலுவலக நடைக்கூடத்தில் அதுபோன்ற ஒன்றை மாட்டிவிட்டு வந்தவளாயிருக்கலாம்.

ஒருநாள் மேலாளர் அட்டை வைப்பதை நிறுத்துகிறார். பதவி பறிபோகிறது, கிடங்கு வேலையும் குறைந்த ஊதியமும் எஞ்சுகின்றன, பிள்ளைகளின் உயர்கல்வி கேள்விக்குறியாகிறது. தண்டிப்போரும் பகையால் தண்டிப்பதில்லை. தங்கள் அட்டையைத் தாங்கள் வைக்கிறார்கள், அவ்வளவே.

இங்கே நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. உண்மையில் வாழ்வதன் மாண்பை உரைக்கும் ஆசிரியர், அன்றிரவு அவ்வீட்டில் நடந்திருக்கக்கூடிய உரையாடலைக் காட்டவில்லை. விலையில் ஒரு பங்கைச் செலுத்தும் மனைவி மக்களின் குரல் கட்டுரையில் இல்லை. எனினும் இவை சாய்வு நாற்காலியில் பிறந்த சொற்கள் அல்ல. ஹாவெலே 1979 முதல் 1983 வரை சிறையில் இருந்தவர்.

காட்டச் சொல்லும் வற்புறுத்தலை ஹாவெல் விளக்கினார். மறைக்கச் சொல்லும் வற்புறுத்தலும் உண்டு. 2006-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தில், பயணியரைப் பதிவு செய்யும் பெண் ஊழியர் ஒருவர் சீருடைமேல் சிறு சிலுவை அணிந்ததற்காக ஊதியமின்றி வீட்டிலிருக்க நேர்ந்தது. 2007-இல் நிறுவனம் விதியைத் தளர்த்தியது. 2013 சனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், கழுத்துச் சங்கிலி நோயாளர் பாதுகாப்புக்கு இடையூறாகலாம் என்ற மருத்துவமனையின் காரணத்தை ஏற்று, செவிலியர் ஒருவரின் முறையீட்டைத் தள்ளியது.

முதல் தீர்ப்பில் நாம் மகிழ்ந்தோம். ஆனால் ஹாவெலைப் படித்தபின் அம்மகிழ்ச்சி நம்மையே வினவத் தொடங்குகிறது. அப்பெண்ணின் சிலுவைக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? எவரும் அதை அணியச் சொல்லவில்லை என்பதிலிருந்தன்றோ! வேலையைக் காத்துக்கொள்ள ஒருவர் சிலுவை அணிவாரெனில், அது காய்கறிக் கடை அட்டையினின்று எவ்வகையில் வேறுபடும்? அணிபவருக்கு நேர்வதை மட்டுமன்று, அணியாதவருக்கு நேர்வதையும் கேட்டால்தான் பணியிடம் நடுநிலையானதா என்பது விளங்கும். நாம் நடத்தும் நிறுவனங்களிலும், நம்பிக்கையால் வேறுபட்ட கடைநிலை ஊழியரிடம், அவர் அஞ்சாமல் விடை சொல்லக்கூடிய வகையில், இதை என்றேனும் கேட்டிருக்கிறோமா?