கச்சேரியே ஆக்கமாக: 'கிறேற்புல் டெட்' இசைக்குழு பற்றிய ஒரு மதிப்பீடு

மேலைநாட்டு றொக் இசைக்குழுக்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இசைத்தட்டுக்களின் வரிசையையே அடிப்படையாகக் கொள்வர். எந்த ஆண்டில் எது வெளிவந்தது, விற்பனைப் பட்டியலில் அது எத்தனையாவது இடத்தைப் பெற்றது என்பனவே அவ்வரலாற்றின் எல்லைக்கற்கள். பீற்றில்ஸ் குழுவினருக்கு இம்முறை பொருந்தும்; 1966இல் அவர்கள் சுற்றுப்பயணங்களைக் கைவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்தையே தமது களமாக்கிக் கொண்டனர். ஆயின், கலிபோர்ணியாவில் தோன்றி, 1965 முதல் 1995 வரையான முப்பது ஆண்டுகளில் 2,300க்கு மேற்பட்ட கச்சேரிகளை நிகழ்த்திய 'கிறேற்புல் டெட்' குழுவினரை இதே அளவுகோலால் அளப்போமாயின், எஞ்சுவது ஓர் இரண்டாந்தரக் குழுவின் கதையே. அக்காலம் முழுவதிலும் பட்டியலின் முதற் பத்து இடங்களுள் நுழைந்த அவர்களது பாடல் ஒன்றே ஒன்று, அதுவும் 1987இல்.

அவர்களது ஆக்கம் இசைத்தட்டன்று, கச்சேரியே. இதனை ஏற்றுக்கொண்டால் மாத்திரமே அவர்களது சாதனையையும் வீழ்ச்சியையும் ஒருங்கே விளங்கிக்கொள்ள முடியும்.

குழுவின் தோற்றம் பற்றிச் சுருங்கக் கூறினாற் போதும். 1965இல் பலோ அல்ற்றோ நகரில் 'வோர்லொக்ஸ்' என்னும் பெயருடன் இணைந்த ஐவருக்கும் பொதுவான இசைப்பள்ளி எதுவும் இருக்கவில்லை. ஜெறி கார்சியா மலைநாட்டு மரபிசையில் பான்ஜோ வாசித்துப் பழகியவர்; றொண் மெக்கேர்ணன் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் ஊறியவர்; ஃபில் லெஷ் மில்ஸ் கல்லூரியில் இத்தாலிய நவீன இசையாளர் பெரியோவிடம் பயின்றவர். பொப் வெயரும் பில் கிறொய்ற்ஸ்மனும் ஏனைய இருவர். நாவலாசிரியர் கென் கீசி நடத்திய எல்.எஸ்.டி. ஒன்றுகூடல்களில் இவர்கள் வாசித்தனர். அங்கு கூடியவர்கள் கச்சேரி கேட்கவென வந்த அவையினர் அல்லர். எனவே, வாசிப்பதா விடுவதா, எவ்வளவு நேரம் வாசிப்பது என்பனவெல்லாம் வாசிப்போரின் விருப்பமாயின. போதையே இவ்விசையைப் பிறப்பித்தது என்பது மிகைக்கூற்று. அதற்கு இதிற் பங்கில்லை என்பதும் உண்மையன்று. எவ்வாறாயினும், நேரக்கட்டுப்பாடற்ற மேடை ஒன்று இளம் இசையாளருக்கு வாய்த்தமையே இங்கு முதன்மையானது.

இச்சுதந்திரத்தின் விளைவை 'டார்க் ஸ்ரார்' என்னும் பாடலிற் காணலாம். 1968இல் இசைத்தட்டாக வெளிவந்தபோது அது மூன்று நிமிடங்களுக்கும் குறைவானது; எவரது கவனத்தையும் பெரிதாக ஈர்க்கவில்லை. 1969 பெப்ரவரி 27ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் மேடையிற் பதிவாகி 'லைவ் டெட்' இசைத்தட்டில் இடம்பெற்ற வடிவமோ இருபத்துமூன்று நிமிடங்கள் நீள்வது. நீளம் மாத்திரம் பெருமையாகாது. இங்கே பாடலின் சொற்கள் ஓர் அடையாளமாகச் சுருங்கிவிடுகின்றன. லெஷின் தாழ்சுரக் கிற்றார் தாளத்தைத் தாங்கும் தன் வழமையான கடமையை விட்டு, கார்சியாவின் கிற்றாருக்கு எதிர்மொழி கூறத் தொடங்குகிறது. ஒருவர் முன்நிற்க ஏனையோர் பின்னணி வாசிக்கும் வழக்கத்திற்கு மாறாக, எல்லோரும் ஒரே வேளையில் ஒருவரையொருவர் கேட்டு நகர்கின்றனர். ஜோன் கோல்ற்றேனின் ஜாஸ் குழுவிடம் அவர்கள் கற்ற பாடம் இது.

இதனை நமது மனோதர்ம இசையுடன் ஒப்பிட விழைவோர் உளர். தொடர்பு முற்றிலும் கற்பனையன்று: 1967இல் இணைந்த இரண்டாவது தாளவாத்தியக்காரர் மிக்கி ஹார்ட், தபேலா மேதை அல்லா றக்காவிடம் பாடங்கேட்டவர், பதினோர் எண்ணிக்கையில் அமைந்த 'தி இலெவன்' அக்கால முயற்சியே. ஹார்ட் 1991இல் தனித்து வெளியிட்ட 'பிளனற் டிறம்' இசைத்தட்டில் விக்கு விநாயக்ராமின் கடமும் ஒலிக்கிறது. எனினும் நம்மிசையில் இராக இலக்கணம் முன்னரே வகுக்கப்பட்டுக் கிடக்கின்றது. வித்துவான் அதற்குள் உலவுகிறார். இவர்களோ இலக்கணத்தையே மேடையிற் தேடினர். ஆதலினாற் பல இரவுகளில் தோற்றனர். மணிக்கணக்கான தடுமாற்றங்களை அவர்களது ஒலிநாடாக்களில் எவரும் கேட்கலாம். தோல்விக்கு இடமில்லாத மேடையில் 'டார்க் ஸ்ரார்' தோன்றியிராது.

1970இல் வெளிவந்த 'வேர்க்கிங்மான்ஸ் டெட்', 'அமெரிக்கன் பியூற்றி' ஆகியவற்றை என் கருத்துக்கு மறுப்பாக எவரும் காட்டலாம். றொபேட் ஹன்ரரின் சொல்லாட்சியால் அவை ஒலிப்பதிவுக் கூடத்திலேயே நிறைவுபெற்ற படைப்புக்கள்தாம். ஆனால் அவற்றைச் செதுக்கியபின் குழுவினர் அங்கு தங்கவில்லை. மீண்டும் மேடைக்கே திரும்பினர்.

ஒவ்வோர் இரவும் வேறுபடுமாயின், அதனைப் பாதுகாப்பவர் யார்? இவ்விடத்திலேதான் இரசிகர் வெறும் நுகர்வோர் என்னும் நிலையைக் கடந்தனர். ஒலிவாங்கிகளுடன் வந்து கச்சேரிகளை நாடாவிற் பதிவுசெய்தனர்; இலாபமின்றித் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். குழுவினர் நெடுங்காலம் இதனைக் கண்டும் காணாதிருந்து, 1984இல் பதிவாளர்க்கென அரங்கில் தனியிடமே ஒதுக்கினர். இசைத்தட்டுக் கம்பனிகள் திருட்டு எனக் கருதிய செயல் இங்கு இரசனைப் பயிற்சியாயிற்று. இரு வேறு இரவுகளில் வாசிக்கப்பட்ட ஒரே பாடலை ஒப்பிட்டுப் பேசவல்ல சாதாரண இரசிகர் கூட்டம் ஒன்று வெகுசன இசையில் உருவானமை அரிய நிகழ்வு. இதனைச் சீரழிவுப் பண்பாடு என்று ஒரு சொல்லால் தள்ளிவிடுவது ஆய்வாகாது.

இனி இதன் மறுபக்கத்தை நோக்குவோம். வருவாய் இசைத்தட்டிலிருந்தன்றிக் கச்சேரியிலிருந்தே வந்தமையால், கச்சேரி நிற்க இயலாததாயிற்று. 1974இல் அவர்கள் கொண்டுசென்ற 'ஒலிச்சுவர்' இதற்குத் தக்க சான்று. ஓவ்ஸ்லி ஸ்ரான்லியின் சிந்தனையில் உருவான இவ்வமைப்பு ஏறத்தாழ 75 தொன் எடையுடையது. நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் வாசிப்போரின் பின்னே சுவராக எழுந்து, அவையினர் கேட்பதையே அவர்களும் கேட்கச் செய்தன. கலைநோக்கில் மிக உயர்ந்த எண்ணம். அதனைச் சுமக்கவும் பூட்டவும் கழற்றவும் பெருந்தொகையான தொழிலாளர் வேண்டியிருந்தனர். அச்செலவை ஈட்ட மேலும் கச்சேரிகள் வேண்டியிருந்தன. அவ்வாண்டு ஒக்ரோபரில் குழு களைத்து ஓய்ந்தது. 1976இல் மீண்டபோது சுவர் இல்லை, சுமை இருந்தது.

1987இன் ஒற்றை வெற்றிப்பாடல் அச்சுமையைப் பன்மடங்காக்கியது. பெருவிளையாட்டரங்குகளிற் கூடியோரிற் பலர் இசைக்காகவன்றித் திருவிழாவுக்காகவே வந்தனர். நுழைவுச்சீட்டின்றி வெளியே நின்றோரும் பல்லாயிரவர். 1995 யூலை 2ஆம் திகதி இண்டியானாவில் கூட்டம் வேலியை உடைத்து உட்புகுந்தது. மறுநாட் கச்சேரி கைவிடப்பட்டது. 1986இலேயே நீரிழிவு மயக்கத்தில் வீழ்ந்து மீண்டவரும், நெடுநாள் போதைப்பழக்கத்தால் நலிந்தவருமான கார்சியா தொடர்ந்தும் மேடையேறிக்கொண்டிருந்தார். பல குடும்பங்களின் வாழ்வு அவரது விரல்களிற் தங்கியிருந்தது. இறுதியாண்டுப் பதிவுகளில் அவர் தமது பாடல்களின் சொற்களையே மறந்து தடுமாறுவதைக் கேட்கிறோம். ஆரம்பகாலத் தடுமாற்றம் தேடலினால் வந்தது. இது களைப்பினால் வந்தது. இவ்வேறுபாட்டைக் காணாத புகழுரைகள் பலவுள. யூலை 9இல் சிக்காகோவில் இறுதிக் கச்சேரி. ஓகஸ்ற் 9இல், 53ஆவது வயதில், அவர் காலமானார். எஞ்சியோர் அப்பெயரை ஓய்வுபெறச் செய்தனர்.

பின்னர் நிகழ்ந்த உரிமைப் பிணக்கும் குறிப்பிடத்தக்கது. 2005இல், இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைத்த பதிவுகளைத் தரவிறக்கவொட்டாது குழுவின் தரப்பு தடுத்தது. இரசிகர் கொதித்தெழவே, அவையிலிருந்து பதிவானவை மீண்டும் திறந்துவிடப்பட்டன, ஒலிப்பலகையிலிருந்து நேரடியாகப் பதிவானவை கேட்பதற்கு மட்டும் என வரையறுக்கப்பட்டன. இதற்கு மாறாக, 1977 மே 8இல் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த கச்சேரியின் கதை வேறு. பல்லாண்டு காலம் இரசிகரின் கைமாறிக் கைமாறியே புகழ்பெற்ற அப்பதிவு 2011ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அது இசைத்தட்டாக விற்பனைக்கு வந்தது 2017இலேதான்.