மேரேஜ் ஸ்டோரி: யாரும் கேட்காத 5 சதவீதம்

நோவா பாம்பாக்கின் 'மேரேஜ் ஸ்டோரி' (2019) என்றாலே எல்லாரும் அந்தச் சண்டைக் காட்சியைத்தான் பேசுறாங்க. எனக்கு உறுத்தினது கடைசியில் வரும் 55:45. மகன் ஆளுக்குப் பாதி நாள் இருக்கட்டும் என்றுதான் நிக்கோல் சொன்னாள். அவளோட வக்கீல் நோரா, 'சரிபாதி வாங்கிட்டேன்'னு சார்லி சொல்லிக்கக் கூடாதுன்னே 55 வாங்கித் தருகிறாள். கட்சிக்காரருக்கே வேண்டாத ஜெயிப்பு!

ஆரம்பத்தில் ஒரு மத்தியஸ்தர் வருகிறார். நிக்கோல் எழுந்து போனதும் படம் அந்த வழியையே மறந்துவிடுகிறது. இதுதான் என் குறை. 1990-ல் மினசோட்டாவில் ஸ்டூ வெப் என்ற வக்கீல் தொடங்கிய 'கொலாபரேட்டிவ்' முறையில், பேச்சு முறிந்து கோர்ட்டுக்குப் போனால் இரண்டு வக்கீல்களும் வழக்கை விட்டு விலகியாகணும். அதாவது, சண்டை முற்றினால் அவங்களுக்கு ஃபீஸ் இல்லை. (எங்க தொழில் பாஷையில், இன்சென்டிவையே மாத்திட்டாங்க.) அடி உதை நடக்கிற வீட்டுக்கு இது சரிப்படாது. ஆனா சார்லி வீடு அப்படி இல்லையே?