லிபர்ட்டி வேலன்ஸ் இரண்டு முறை சாகிறான்

ஜான் வெய்ன் படம் என்று உட்கார்ந்தால், தொடக்கத்திலேயே அவர் சவப்பெட்டிக்குள் கிடக்கிறார். முகத்தைக்கூடக் காட்டுவதில்லை. பூட்ஸை யாரோ கழற்றிவிட்டார்கள் என்று தெரிந்ததும், போட்டுவிடச் சொல்லி, சாவுக்கு வந்த ஒரு செனட்டர் அதட்டுகிறார். இடுப்பில் துப்பாக்கியும் இல்லையே என்று கேட்டால், டாம் (அதுதான் வெய்னின் பாத்திரம்) அதைத் தூக்கிக்கொண்டு நடந்து எத்தனையோ வருஷமாயிற்று என்று பதில் வருகிறது. ஜான் ஃபோர்டு 1962இல் எடுத்த ‘தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்’ இப்படித்தான் தொடங்குகிறது. இந்தப் படத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் பத்திரிகை ஆசிரியர் சொல்லும் வசனத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். என் கண்ணுக்குப் பெரிய வேலையைச் செய்வது, எதை முன்னால் சொல்வது, எதை எவ்வளவு நேரம் ஒளித்துவைப்பது என்று ஃபோர்டு போட்ட கணக்குதான்.

நடந்த வரிசையில் சொன்னால் கதை சின்னது. ரான்ஸ் ஸ்டாடர்ட் என்ற இளம் வக்கீல் மேற்கே வருகிறான். கோச்சு வண்டியை மறித்த லிபர்ட்டி வேலன்ஸிடம் சாட்டையடி படுகிறான். ஷின்போன் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டே சட்டம் பேசுகிறான், பள்ளிக்கூடம் நடத்துகிறான். ஒரு நாள் லிபர்ட்டியை எதிர்த்துத் தெருவில் நிற்கிறான், லிபர்ட்டி சாகிறான். அவனைச் சுட்டவன் என்ற பெயரே ரான்ஸை அரசியலில் மேலே கொண்டுபோகிறது. உண்மையில் சுட்டது இருட்டில் நின்ற டாம் டோனிஃபன். டாமுக்குக் கடைசியில் எதுவும் மிஞ்சவில்லை. அவன் மணக்க நினைத்த ஹாலியும் ரான்ஸுக்கே மனைவியாகிறாள்.

ஃபோர்டு கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறார். கிழவராகிவிட்ட செனட்டர் ரான்ஸும் ஹாலியும் டாமின் சாவுக்கு ரயிலில் வந்து இறங்குகிறார்கள்; ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் கேட்க, செனட்டர் பழைய கதையைச் சொல்கிறார். டாரதி எம். ஜான்சனின் மூலச் சிறுகதையும் சாவு வீட்டில்தான் தொடங்குகிறது. இப்படித் தொடங்கினால் வெஸ்டர்ன் படத்துக்கு உயிரான ஒன்று முதலிலேயே போய்விடுகிறது. ரான்ஸ் உயிரோடு இருக்கிறார், செனட்டராகவும் ஆகிவிட்டார். அப்புறம் தெருச் சண்டையில் யார் பிழைப்பார் என்று யாருக்குப் பதைக்கும்? இந்தப் படத்துக்குப் பத்து வருஷம் முன்பு வந்த ‘ஹை நூன்’ அந்தப் பதைப்பை மட்டுமே நம்பி, கடிகாரத்தைக் காட்டிக் காட்டி நம்மை உட்காரவைத்தது.

இங்கே பதைப்பு போன இடத்தில் துக்கம் வந்து உட்காருகிறது. தொடக்கத்திலேயே ஹாலி பழைய மார்ஷல் லிங்க்கோடு ஊருக்கு வெளியே போய், கரிந்து கிடக்கும் ஒரு வீட்டைப் பார்க்கிறாள். அது யார் வீடு, ஏன் எரிந்தது என்று நமக்குத் தெரியாது. பிறகு ஃப்ளாஷ்பேக்கில் டாம், ஹாலியை மனதில் வைத்து அதே வீட்டுக்கு ஓர் அறை சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறான். பலகை புதுசு, ஆள் உற்சாகமாக இருக்கிறான். வசனம் எதுவும் தேவைப்படவில்லை. கரியை முன்பே பார்த்துவிட்டதால் நம் வயிறு கலங்குகிறது.

நடிப்புக்கும் இந்த வரிசை கை கொடுக்கிறது. ரான்ஸாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். சட்டம் படித்து முடித்து வந்த இளைஞனாக அவரை நம்ப முடியவில்லை என்ற குறை பழையது. நேர்வரிசையில் சொல்லியிருந்தால் அந்தக் குறை படத்தையே சாய்த்திருக்கும். ஆனால் நாம் முதலில் பார்ப்பது செனட்டரை: மேடையில் பேசிப் பேசிப் பழகிய குரல், நிருபர் கேட்டதும் மலர்கிற முகம். அதன்பிறகு வரும் இளைஞன் அவருடைய ஞாபகத்துக்குள் நடமாடுகிறவன். ஞாபகத்தில் எல்லோரும் தங்கள் இன்றைய முகத்தோடுதான் நடக்கிறார்கள். அந்தப் பொருத்தமின்மை என்னை உறுத்தியதே இல்லை.

இனி அந்தத் தெருச் சண்டை. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ரான்ஸ் வருகிறான். லீ மார்வினின் லிபர்ட்டி அவனை வைத்து விளையாடுகிறான். ஒரு குண்டு கையைத் துளைக்கிறது, துப்பாக்கி கீழே விழுகிறது. எடுத்துக்கொள் என்று சிரித்துக்கொண்டே விடுகிறான். ரான்ஸ் இடது கையால் எடுத்துச் சுடுகிறான்; லிபர்ட்டி தள்ளாடி விழுகிறான். வலது கையில் அடிபட்டவன், குறி தவறுவதையே வழக்கமாக வைத்திருந்தவன், இடது கையால் எப்படிச் சுட்டான்? சந்தேகப்பட எல்லாமே கண்முன் இருக்கிறது. நாம் சந்தேகப்படுவதில்லை. ஊரோடு சேர்ந்து நாமும் நம்பிவிடுகிறோம், நம்ப ஆசைப்படுவதால்.

அடுத்து டாம் குடித்துவிட்டுப் போய்த் தன் வீட்டைத் தானே கொளுத்துகிறான். உள்ளே சிக்கியவனை இழுத்து வெளியே போடுவது அவனிடம் வேலை செய்யும் பாம்ப்பி. முதல் தடவை பார்க்கும்போது காதலில் தோற்றவனின் ஆத்திரமாகத்தான் அது தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்து, மாநில அந்தஸ்துக்கான மாநாட்டில், ரான்ஸின் கையில் ரத்தம் இருக்கிறது என்று பண்ணை முதலாளிகள் தரப்புப் பேச்சாளர் முழங்குகிறார். ரான்ஸ் கூசிப்போய் வெளியேறுகிறான். அப்போது தாடியும் அழுக்குமாக வந்து நிற்கும் டாம் விஷயத்தைச் சொல்கிறான். ஃப்ளாஷ்பேக்குக்குள் இன்னொரு ஃப்ளாஷ்பேக்.

அதே கொலை, இன்னொரு கேமரா கோணத்தில் காட்டும் ரீப்ளே மாதிரி. இம்முறை நாம் சந்துக்குள், டாமின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறோம். ரான்ஸும் லிபர்ட்டியும் தூரத்தில் சின்னதாகத் தெரிகிறார்கள். பாம்ப்பி ரைஃபிளை வீச, டாம் பிடித்துச் சுடுகிறான். மூன்று துப்பாக்கிகளும் ஒரே நொடியில் வெடிக்கின்றன. ரைஃபிள் திரும்ப பாம்ப்பியிடம் போகிறது. அவ்வளவுதான். முதல் தடவை மனம் துள்ளிய அதே சாவில் இந்தத் தடவை துள்ள எதுவும் இல்லை. எரிந்த வீட்டுக்கும் இப்போதுதான் முழு அர்த்தம் வருகிறது: ஹாலி கேட்டுக்கொண்டதால் டாம் ரான்ஸைக் காப்பாற்றினான், காப்பாற்றிய அந்தக் குண்டாலேயே ஹாலியை இழந்தான்.

இந்த உண்மையைத் தெருச் சண்டை முடிந்த கையோடு சொல்லியிருந்தால் அது வெறும் திருப்பம். ஃபோர்டு மாநாடு வரை காத்திருக்கிறார். அதற்குள் அந்தப் பொய்யின்மேல் ஒரு தேர்தலும் ஒரு மாநிலத்தின் எதிர்காலமும் ஏறி உட்கார்ந்துவிட்டன. பண்ணை முதலாளிகளின் ஆள் தோற்க வேண்டும், ரான்ஸ் ஜெயிக்க வேண்டும் என்று நாம் ஏற்கெனவே பக்கம் சேர்ந்துவிட்டோம். அதனால் உண்மை கேட்ட கணத்தில் ‘இது வெளியே போகக் கூடாது’ என்று முதலில் நினைப்பது நாம்தான். பத்திரிகை ஆசிரியர் குறிப்புகளைக் கிழித்துப்போட்டு, கட்டுக்கதையையே அச்சிடுவோம் என்பது அதற்குப் பிறகுதான். அந்த வசனம் அவ்வளவு ஆழமாக இறங்குவதற்குக் காரணம், அவர் வாயைத் திறக்கும் முன்பே நாம் அதற்குச் சம்மதித்திருப்பதே.

‘சிட்டிசன் கேன்’ படமும் சாவில் தொடங்கி, பத்திரிகைக்காரன் கேட்கக் கேட்கத்தான் விரிகிறது. ஆனால் அங்கே பலர் பேசுகிறார்கள். இங்கே பேசுவது ஒரே ஆள், அதுவும் பொய்யால் பலன் அடைந்தவர். அவர் நல்லவராக இருப்பதும், மனசாட்சியோடு சொல்வதும் வேறு விஷயம்.

நேரில் பார்த்த இன்னொருவர் உண்டு. ரைஃபிளை வீசியவர், எரியும் வீட்டிலிருந்து டாமை இழுத்தவர், கடைசிவரை கூடவே இருந்தவர். வுடி ஸ்ட்ரோட் நடித்த பாம்ப்பி, தொடக்கத்தில் அந்தச் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். கதை வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஆசிரியர் செனட்டரை மட்டும் வளைத்து வளைத்துக் கேட்கிறார். கறுப்பரான பாம்ப்பி பக்கம் திரும்பி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. வகுப்பறைக் காட்சியில், மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரி பாம்ப்பிக்கு மறந்துபோகிறது; நிறையப் பேர் மறந்துவிடும் வரிதான் என்று ரான்ஸ் ஆறுதல் சொல்கிறான். அதே ரான்ஸ் செனட்டராகி, விடைபெறும்போது பாம்ப்பியின் கையில் கொஞ்சம் பணத்தை வைத்துவிட்டு ரயில் ஏறுகிறார். டாமின் கதையை பாம்ப்பி சொல்லியிருந்தால் அது எந்த இடத்தில் தொடங்கியிருக்கும் என்ற கேள்வி எனக்கு விடாமல் இருக்கிறது. சவப்பெட்டியில் தொடங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.